மாடி அறையில் ஒரு நாற்காலி

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவன் பிழைப்பில் கைவைத்தவர்களுக்கு நல்ல தூக்கம் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை நான் ராஜினாமா கொடுத்தேன். ஒரே கட்டடத்தில் இரண்டு மாடி ஏறவேண்டிய அந்தத் தாள் பெரிய டாக்டரின் மேஜையைச் சேர்வதற்குள், ஐந்து மணி நேர ரயில் தூரத்திலிருந்து உன் கடிதம் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டது. உனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கமாட்டேன். என் வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் சொல்லவில்லை.

டாக்டர் அதை வாய்விட்டுப் படித்தார். இரண்டு நர்சுகளும் காதில் பஞ்சோடு ஒரு நோயாளியும் கூடவே இருந்தார்கள். "என் தம்பி கெட்டவன் இல்லை. சனி ஞாயிறுகளில் மட்டும் அவன் மூளை வேலை செய்யாது. அவன் நீட்டும் காகிதம் எதையும் தயவுசெய்து வாங்காதீர்கள்." நாற்பத்தேழு வயதுக்காரனுக்கு அக்கா எழுதிக்கொடுத்த லீவ் லெட்டர் மாதிரி இருந்தது. பஞ்சு வைத்தவருக்கும் நன்றாகக் கேட்டிருக்கிறது. சிரித்தார்.

இதை நேரில் கேட்டிருப்பேன். நவம்பரிலிருந்து நீ போன் எடுப்பதில்லை. உன் செல்லில் என்னைத் தடுத்துவைத்திருக்கிறாய். குடும்பக் குழுவிலிருந்தும் தூக்கி எறிந்துவிட்டாய். "அவன் குரலைக் கேட்டாலே எனக்கு பிரஷர் ஏறுது, எதுவா இருந்தாலும் எழுதச் சொல்லு" என்று என் மனைவிக்குச் செய்தி அனுப்பினாயாம். எழுதுகிறேன். ஏறட்டும்.

பத்தொன்பது வருஷமாக என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். மூன்று வருஷமாக, வருஷத்துக்கு ஒருமுறை, உன் அலுவலகம் கேட்கும் காது சோதனைக்கு நீயே வந்து அந்தக் கூண்டில் உட்காருகிறாய். மெத்தை அடித்த சின்ன அறை, நடுவில் ஒரு கண்ணாடி. அந்தப் பக்கம் ஆள், காதில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். இந்தப் பக்கம் நான். நான் ஒலி அனுப்புவேன். கேட்டால் அவர் பட்டனை அழுத்துவார், என் பக்கம் விளக்கு எரியும். காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை 'பீப்'. இதற்குப் பெயர் உத்தியோகம். எனக்கு முன்னால் இருந்தவர் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து கடனே என்று பொத்தானை அழுத்துவார். நான் முதல் வாரமே நாற்காலியைத் திருப்பி ஆளின் முகத்துக்கு நேராகப் போட்டேன். எதற்கு? காது கேட்காத மாதிரி நடித்து இழப்பீடு வாங்க வருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காக. ஒலி கேட்டதும் ஒரு கண் துடிப்பு, ஒரு மூச்சு. எத்தனை பேரை அப்படிப் பிடித்திருக்கிறேன். டாக்டரே என்னை 'பொய் மீட்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்.

அந்தக் கண்ணை வைத்துத்தான் மூன்று வருஷமாகக் கிளப்பில் போக்கர் ஆடுகிறேன். நீ நினைக்கிற மாதிரி அது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. உன் கையில் இரண்டு சீட்டு கவிழ்த்திருக்கும். எதிராளியின் கையிலும் அப்படியே. அவனிடம் இருப்பது நல்லதா, சும்மா மிரட்டுகிறானா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். எனக்காகவே கண்டுபிடித்த ஆட்டம். கீழ்த்தள மேஜைகளில் இப்போது என்னைக் கண்டால் எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். மாடியில் ஓர் அறை உண்டு. அங்கே ஆடுகிற எட்டுப் பேருக்கும் அதுதான் தொழில். அவர்களில் ஒருவர் ஊரைவிட்டுப் போகிறார், ஏப்ரலில் நாற்காலி காலி. வாரம் ஐந்து நாள் வரமுடிந்தவருக்குத்தான் அது கிடைக்கும்.

மார்ச் 31 எனக்குக் கடைசி வேலைநாள். நடுவில் வராதே.

தம்பி

*

பிப்ரவரி 10

தம்பிக்கு,

டாக்டருக்கு எழுதியது நான்தான். இன்னொன்றும் எழுதுவேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதையும் உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இவர் தேறுவார், இவர் தேறமாட்டார் என்று எழுதுகிறவள். இருபத்தாறு வருஷம். என் காலுக்குக் கீழே எனக்கென்று தனி பிரேக் உண்டு. வண்டி கிளம்பி இரண்டாவது திருப்பத்துக்குள் ஆள் யார் என்று தெரிந்துவிடும். உன்னை நாற்பத்தேழு வருஷமாகப் பார்க்கிறேன். நீ தேறமாட்டாய்.

காரணமும் சொல்கிறேன். உனக்கு நல்ல சீட்டு வந்தால் நீ ஒன்று செய்கிறாய்.

ஒன்பது வயதிலிருந்து செய்கிறாய். அப்பாவுக்குத் தெரியும். சித்திக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மாமாவுக்கே தெரியும், அதனால்தான் லீவு நாளெல்லாம் உன்னைச் சீட்டாடக் கூப்பிட்டார். பாசம் என்று நினைத்தாயா? உன் மனைவிக்குக் கல்யாணமான மாதமே தெரிந்துவிட்டது. பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே நானே சொல்லியிருப்பேன், அவளாகக் கண்டுபிடித்தால் மரியாதை கூடும் என்று விட்டேன். உலகத்தில் உன்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

நவம்பரில் எனக்கு முட்டி ஆபரேஷன். "நான் வெளியே பெஞ்சில உட்கார்ந்திருப்பேன்க்கா, நீ கண்ணைத் திறக்கிறப்போ எதிர்ல இருப்பேன்" என்று சொன்னாய். கண்ணைத் திறந்தேன். எதிரில் பெஞ்ச் இருந்தது. மறுநாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து ரயில் ரத்து என்று கதைவிட்டாய். கட்டில் பக்கத்து ஸ்டூலில் நீ உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, முந்தின நாள் எங்கேயோ ஜெயித்திருக்கிறாய் என்று. ரயில் ஓடியது. நான் விசாரித்தேன்.

ஆகவே போ. மாடி அறையில் போய் உட்கார். அந்த எட்டுப் பேரும் தொழில்காரர்கள் என்கிறாயே, எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிப்பார்கள் என்று நினைக்கிறாய்?

அது என்னவென்று சொல்லமாட்டேன்.

அக்கா

*

மார்ச் 3

அக்காவுக்கு,

ஆபரேஷன் விஷயத்தில் நான் செய்தது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதி, அடித்து, மறுபடி எழுதி, உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு அதையும் அடித்துவிட்டேன். கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

நீ சொல்வது பொய். இதற்குப் போக்கரில் 'பிளஃப்' என்று பெயர். கையில் ஒன்றும் இல்லாதவன் எல்லாம் இருக்கிற மாதிரி மிரட்டுவது. இதை நான் உனக்குத் தெளிவாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது நடந்ததைக் கேள்.

பிப்ரவரி பதினான்காம் தேதி மாடி அறையில் காலியாகப்போகும் நாற்காலிக்கு என்னைப் பரீட்சை பார்க்கக் கூப்பிட்டார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனேன். மூக்கைத் தொடுகிறேனோ என்று கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். எச்சில் விழுங்குவது தெரியக்கூடாது என்று கழுத்தில் மஃப்ளர். அறையில் வெக்கை. அரை மணியில் கண்ணாடிக்குள் வியர்வை இறங்கி என் சீட்டே எனக்குத் தெரியவில்லை. அந்த அறைக்கு மூத்தவர் ஒருவர் உண்டு, எப்போதும் தொப்பி போட்டிருப்பதால் தொப்பி என்றுதான் பெயர். அவர் ரொம்ப அக்கறையாக, "சாருக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார்.

நல்ல சீட்டு வந்தபோதெல்லாம் எட்டுப் பேரும் ஒதுங்கினார்கள். மோசமான சீட்டை வைத்துக்கொண்டு மிரட்டினால், பந்திக்குக் கூப்பிட்ட மாதிரி எல்லோரும் வந்தார்கள். அடுத்த வாரம் கண்ணாடி இல்லாமல் போனேன். அதே கதை. அதற்கடுத்த வாரம் தாடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்ததில் கடைவாய்ப்பல் ஒன்று விண்டுபோயிற்று. பல் டாக்டர் எதைக் கடித்தீர்கள் என்றார். அக்கா எழுதிய கடிதத்தை என்று சொல்லமுடியுமா?

என் மனைவியிடம் கேட்டேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிராமல், "அண்ணிகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றாள். நான் தாலி கட்டியவன் இல்லையா என்று கேட்டேன். "ஆமா. அதான் எனக்கு அது தெரியவேண்டியிருக்கு" என்றாள். அவள் நிலைப்பாடு இதுதான்: வேலையை விட்டால் ஆறு மாதம் பொறுப்பாள். ஏழாவது மாதம் பெட்டியோடு உன் வீட்டுக்கு வந்துவிடுவாள். என்னைவிட நீ சிரமமில்லாத ஆள் என்று அவளுக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை.

எதற்கு எனக்கு அந்த நாற்காலி என்று யாராவது ஒரு தடவை கேட்டீர்களா? பத்தொன்பது வருஷம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னை ஒருவரும் பார்த்ததில்லை. வருகிறவர்களுக்கு நான் ஒரு சுவர்க்கடிகாரம். அந்த மேஜையில் மட்டும்தான் எட்டுப் பேர் என் முகத்தை உற்றுப்பார்த்து, இவன் என்ன நினைக்கிறான் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அதற்குத்தான்.

தொப்பி இன்னும் இரண்டு வாரம் கெடு கொடுத்திருக்கிறார். நீ செய்தது கொலை. நான் என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடு.

தம்பி

*

மார்ச் 9

தம்பிக்கு,

பொய் என்று ஒரு பக்கத்தில் எழுதுகிறாய், சொல்லிவிடு என்று அடுத்த பக்கத்தில் கெஞ்சுகிறாய். இந்த லட்சணத்தில் பொய் மீட்டர்.

ராஜினாமாவைத் திரும்பப் பெற்று, அதன் நகலில் டாக்டரின் கையெழுத்தோடு எனக்கு அனுப்பு. தபால் கிடைத்த அன்றே சொல்கிறேன்.

அதற்கப்புறம் தெரிந்து என்ன பிரயோஜனம் என்று நீ குதிப்பாய். ஒரு பிரயோஜனமும் இல்லை. அதற்காகத்தான் இந்த நிபந்தனை.

யாரும் உன்னைப் பார்ப்பதில்லை என்று ஒரு புலம்பல். உனக்குப் பள்ளிக்கூடத்துப் பித்தானிலிருந்து பல்வலி வரைக்கும் பார்த்தது யார்? உன்னைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு பொழுதுபோக்கு இருந்ததா? அதெல்லாம் கணக்கில் வராது, எவனோ தொப்பிக்காரன் பார்த்தால்தான் இனிக்கிறது.

அந்தக் கூண்டுக்குமுன் நீ உட்கார்ந்திருப்பதில் ஒரு குறையும் இல்லை. அங்கேயே இரு. யார் யாருக்கோ உபயோகமாக இருக்கிறாய். அதைவிட அதிகமாக உனக்குச் சொல்லத்தேவையில்லை.

என் வருடாந்தரச் சோதனை ஏப்ரலில் வருகிறது. அதற்கு நீ அங்கே இருக்கவேண்டும். உறவு முறிந்தாலும் தேதி தவறக்கூடாது.

அக்கா

*

மார்ச் 19

அக்காவுக்கு,

நீ சொல்லவேண்டாம். தெரிந்துவிட்டது. சொன்னவர் ஒரு லாரி டிரைவர்.

போன புதன்கிழமை அவர் ஒரு சந்துக்குள் லாரியைப் பின்னால் எடுத்திருக்கிறார். பின்னால் நின்றவர்கள் நிறுத்து நிறுத்து என்று கத்தியிருக்கிறார்கள், லாரியைத் தட்டியிருக்கிறார்கள். அவர் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறார். ஒரு தையல்கடையின் பின்சுவர் உள்ளே விழுந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். தையல் மெஷின் மேல் செங்கல் கிடக்கிறது, ஊசி முனையில் பாதி தைத்த சட்டைக்கை. சுவர் விழுந்தபோது தையல்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். என்னை அவர் ஏதோ வாடிக்கையாளர் என்று நினைத்து, "ரெண்டு நாள் ஆகும் சார்" என்றார்.

டிரைவருக்கு இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது. எட்டு மாதம் முன்னால் 'கேள்திறன் இயல்பு' என்று நான் சான்று கொடுத்திருக்கிறேன். என் கையெழுத்து.

டாக்டர் அவரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் தாளில் எழுதிக் காட்டி விசாரித்தார். நானும் நின்றிருந்தேன். அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "சார் கோவிச்சுக்கக் கூடாது. சார் எப்பவும் காலை ஆட்டிக்கிட்டே இருப்பார். கால் எனக்குத் தெரியாது, ஆனா சட்டைப்பையில இருக்கிற பேனா ஆடும். சத்தத்தை அனுப்புறப்போ மட்டும் பேனா நின்னுடும். நின்னதும் நான் பட்டனை அழுத்துவேன்."

இதுதானே? நான் செய்வது ஒன்றும் இல்லை, செய்துகொண்டிருப்பதை நிறுத்துவது. நாள் முழுக்க ஆடும் கால், எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று கைக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. அதனால்தான் முகத்தையும் கையையும் தேடித் தேடி எனக்கு அகப்படவில்லை. மாடி அறை மேஜை பழசு, லொடலொட என்று ஆடுகிறது என்று நான் தொப்பியிடமே குறை சொல்லியிருக்கிறேன். அவர் ரொம்பப் பணிவாக, மாற்றச் சொல்கிறேன் சார் என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "கட்டில் ஆடுறது நின்னா நீங்க எதையோ மறைக்கிறீங்கன்னு அர்த்தம், இருபது வருஷமா அப்படித்தானே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியவில்லை. நாற்காலியைத் திருப்பிப்போட்டது யார்? பொய்யைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று கண்ணாடிக்கு நேராகப் பேனாவை ஏந்திக்கொண்டு உட்கார்ந்தது யார்? கேட்காத மாதிரி நடித்தவர்களை நான் பிடித்தேன். கேட்கிற மாதிரி நடித்தவர்கள் என்னைப் பிடித்திருக்கிறார்கள்.

அதோடு இன்னொன்று. உனக்கு இது நாற்பது வருஷமாகத் தெரியும். வருஷாவருஷம் கூண்டுக்குள் உட்கார்ந்து நேருக்கு நேர் பார்த்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாற்காலி திரும்பியிருக்கும், அந்தச் சுவர் நின்றிருக்கும். சீட்டாட்டத்தில் தம்பியை மட்டம்தட்டுகிற சுகத்துக்காக நீ அதைப் பூட்டிவைத்தாய். தையல்காரர் டீக்கடையிலிருந்து ஐந்து நிமிஷம் முன்னால் திரும்பியிருந்தால், அந்தப் பாவத்தில் பாதி உன்னுடையது. இருபத்தாறு வருஷமாகப் பக்கத்து சீட்டில் பிரேக் வைத்திருக்கிறவள், எனக்கு மட்டும் ஏன் மிதிக்கவில்லை?

நீ எதிர்பார்க்காத செய்தி ஒன்றும் உண்டு. சனிக்கிழமை மாடி அறைக்குப் போனேன். இரண்டு கணுக்காலையும் பின்னிக்கொண்டு, நல்லதோ கெட்டதோ ஒரே மாதிரி உட்கார்ந்தேன். ஆறு மணி நேரம். தொப்பி முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழம்பினார். கடைசியில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார், அவருக்கு முடி இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். நாற்காலி எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

ஆகவே முப்பத்தொன்றாம் தேதி கிளம்புகிறேன். மூன்று வருஷத்தில் நான் சான்று கொடுத்த டிரைவர்கள் முன்னூற்றுச் சொச்சம் பேரைத் திரும்பக் கூப்பிட்டுச் சோதிக்கவேண்டுமாம். அதை, இதற்கென்றே டாக்டர் வேலைக்கு எடுத்திருக்கும் புதுப் பெண் பார்த்துக்கொள்வாள். வந்த முதல் நாளே கண்ணாடிக்குத் திரை போட்டுவிட்டாள். ஏப்ரலில் உன்னையும் அவளே சோதிப்பாள்.

தம்பி

*

மார்ச் 25

தம்பிக்கு,

ஏப்ரலில் நான் வரமாட்டேன்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நான் போன் எடுக்காதது கோபத்தால் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கோபமும் உண்டு. ஆனால் எடுத்தாலும் ஒன்றுதான்.

இடது காது போய் ஐந்து வருஷம். வலது காது மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. உன் கூண்டில் முதல் வருஷம் பாதி கேட்டேன், பாதி உன் பேனாவைப் பார்த்தேன். போன வருஷம் முழுக்கப் பேனாதான். நான் மெனக்கெட்டு ரயில் ஏறி உன்னிடம் வந்தது பாசத்தால் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். இங்கே என் தெருமுனையிலேயே ஒரு பரிசோதனைக் கூடம் இருக்கிறது.

டாக்டருக்கு நான் எழுதியதும் அதற்குத்தான். நீ சூதாடிக் கெட்டுப்போவாய் என்று கவலை இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதைவிடப் பெரிய கவலை என்னைப் பற்றியது. எனக்கு இன்னும் ஆறு வருஷ சர்வீஸ் இருக்கிறது. சம்பளத்துக்காகச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து சீட்டை விட்டால் நான் வேறு எங்கே உட்காருவேன் என்று எனக்குத் தெரியவில்லை. நீ மாடி அறை நாற்காலி என்று எழுதும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வந்தது அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

பரீட்சைக்கு வருகிறவர்கள் பயத்தில் பேசமாட்டார்கள், நான்தான் பேசுவேன். அதனால் ஓட்டிவிட்டேன். போன டிசம்பரில் ஒரு பெண். நன்றாக ஓட்டினாள். நேர்ச்சாலையில் காரணமே இல்லாமல் ஓரம் கட்டி நிறுத்தினாள். எதற்கு நிறுத்தினாய் என்று கேட்டேன். ஏதோ சொன்னாள், வாய் அசைந்தது. தேறவில்லை என்று எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தினேன். எங்களைத் தாண்டி ஆம்புலன்ஸ் போய்க்கொண்டிருந்தது.

அந்தத் தாளை நான் மாற்றவில்லை. மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். அவள் மறுபடி வந்து, வேறு ஒருவரிடம் தேறிவிட்டாள். நான் விசாரித்தேன்.

உன் காலைப் பற்றி நான் சொல்லாமல் இருந்தது சின்ன வயதில் விளையாட்டு. மூன்று வருஷமாக விளையாட்டு இல்லை. பாதிப் பாவம் என்கிறாய். கணக்குத் தப்பு. உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பங்கு போடுகிற வேலை வேண்டாம்.

இதை எழுதியதால் நான் உன்னிடம் எதையோ கேட்கிறேன் என்று நினைக்காதே. நீ என்னிடம் பெஞ்சில் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. போய் ஆடு.

அக்கா

*

மார்ச் 31

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு முதலில் வந்தது கோபம். அப்புறம் வந்ததும் கோபம்தான். மூன்றாவதாக என்ன வந்தது என்று சொல்லமாட்டேன். நீ மட்டும்தான் விஷயங்களைப் பூட்டிவைக்கலாமா?

உன் கோப்பை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷம், மூன்று தாள். 'இயல்பு. இயல்பு. இயல்பு.' போன வருஷத் தாளில் மகா கெட்டிக்காரத்தனமாக ஒரு குறிப்பு வேறு எழுதியிருக்கிறேன்: வயதுக்கு மிகச் சிறந்த கேள்திறன். அன்று மாலை நாம் வெளியே சாப்பிடப் போனோம், ஞாபகம் இருக்கிறதா? நான் இரண்டு மணி நேரம் கிளப் கதை சொன்னேன். நீ எதிர்வாதம் பண்ணாமல் தலையாட்டிக்கொண்டே இருந்தாய். முதல் முறையாக அக்கா என்னை மதித்துக் கேட்கிறாள் என்று வீட்டுக்கு வந்து பெருமையடித்தேன். என் மனைவி அதை நம்பவில்லை.

இன்று காலை புதுப் பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தாள். இருபத்தாறு வயது. முதல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இவங்களுக்குக் கேக்கலைன்னா நான் என்னன்னு சொல்றது, வேலை போயிடுமே?" என்று கேட்டாள். முன்னூறு பேரில் காது கேட்காதவர்களிடமெல்லாம் அந்தப் பெண் போய், இன்னொருத்தன் காலாட்டியதற்காக, நாளையிலிருந்து நீங்கள் வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லவேண்டும். அவன் அப்போது மாடி அறையில் கணுக்காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பட்டியலை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். ராஜினாமாவைத் திரும்பக் கேட்டேன். அவர் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிரிக்கவே இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இதை எதற்குப் பிரிப்பது என்று விட்டுவிட்டாராம்.

மாடி அறைக்குப் போய்ச் சொன்னேன். தொப்பி காரணம் கேட்டார், வேலை இருக்கிறது என்றேன். இங்கே யாரும் அப்படி ஒரு காரணம் சொன்னதில்லை என்றார். அந்த நாற்காலியில் இன்று மாலை ஒரு முன்னாள் பல் டாக்டர் உட்கார்ந்திருப்பார். எனக்கு அது வலிக்கிறது. உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன், நீ ஆறுதல் சொல்வாய் என்று இல்லை. நான் அதற்கு லாயக்கில்லாமல் திரும்பவில்லை. லாயக்கு என்று தெரிந்தபிறகு திரும்பினேன்.

ஆகவே நீ ஜெயித்துவிட்டாய். நான் வேலையை விடவில்லை. ஏப்ரலில் உன்னைச் சோதிக்க நான்தான் இருக்கவேண்டும் என்று கேட்டாய், நான்தான் இருக்கிறேன். பட்டியலில் முதல் பெயர் உன்னுடையது. என் கையாலேயே எழுதினேன். கண்ணாடிக்குத் திரை இருக்கும், பெரிய டாக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், தாளில் என்ன வருகிறதோ அதுதான் உன் அலுவலகத்துக்குப் போகும். நீ வராவிட்டால் வரவில்லை என்று எழுதி அனுப்புவேன். அதையும் செய்வேன், என்னைத் தெரியும் உனக்கு.

ஏப்ரல் 17, காலை பத்தரை.

தம்பி

*

ஏப்ரல் 4

தம்பிக்கு,

பத்தரைக்கு அங்கே வந்து சேர ரயில் இல்லை. பதினொன்றரை என்று மாற்று. பத்தொன்பது வருஷம் ஒரே ஊரில் இருக்கிறாய், ரயில் நேரம் தெரியவில்லை.

அலுவலகத்தில் நானே சொல்லிவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து காரில் ஏறவில்லை. எழுத்துப் பரீட்சை அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். எல்லோரும் தலைகுனிந்து எழுதுகிறார்கள், காப்பியடிக்கிறவர்களைப் பிடிக்கிறேன். உன் சான்று எப்படிக் கிடைத்தது என்றும் எழுதிக்கொடுத்திருக்கிறேன். அதில் உனக்கும் திட்டு உண்டு.

வேலையை விடாததற்கு நன்றி சொல்லமாட்டேன். எனக்காகத்தான் விடவில்லை என்று நீயும் எழுதவில்லை, அதுவரைக்கும் நல்லது.

ஸ்டேஷனுக்கு வராதே. எந்த பிளாட்பாரம் என்று ஒலிபெருக்கியில் சொல்வார்களே என்று உன் மனைவி கவலைப்பட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறாள். ஜனங்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்களோ அந்தப் பக்கம் நானும் நடப்பேன். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட வண்டி மாறி ஏறியதில்லை.

அக்கா